20,000 யென் இருக்கு: ஜாயின்ட் வச்ச ஃபிகரா, ஸோஃபுபியா?

ஆபீஸ்ல கூட வேலை பாக்கிற தம்பி ஒருத்தன், சிவகாசிக்காரன், டோக்கியோ வந்து ஒரு வருஷம்தான் ஆகுது, போன மாசம் சாப்பிட்டுட்டு இருக்கும்போது கேட்டான், "அண்ணே, ஜப்பான் ரெஸ்லிங் லெஜண்ட்ஸ் ஃபிகர் சேக்கலாம்னு இருக்கேன், 20,000 யென் தனியா எடுத்து வச்சிருக்கேன், எதை வாங்கட்டும்?"னு. நான் பதில் சொல்ல ஆரம்பிச்சு லன்ச் முடிஞ்சு மீட்டிங்குக்கு லேட்டாயி, சாயங்காலம் ட்ரெயின்லயும் பேசி, நிஷி கசாய்ல இறங்குற வரைக்கும் முடியல. அதான் கை கால் மடங்குற ஃபிகரா, உள்ள காலியான வினைல் பொம்மையான ஸோஃபுபியான்னு எழுதியே வச்சிடலாம்னு.

நம்மள மாதிரி 90ஸ் ஆளுங்களுக்கு ரெஸ்லிங்னா முதல்ல டிரம்ப் கார்டுதான். ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ், ரேங்க். யோகோசுனாவை நான் ஜப்பான்காரர்னே நம்பி வளந்தவன், அவரு சமோவா வம்சாவளி அமெரிக்கர்னு தெரியிறதுக்குள்ள தலை நரைக்க ஆரம்பிச்சிடுச்சு. நிஜ ஜப்பான் ஆளுங்க ஒருத்தர் கூட என் கட்டுல இருந்ததா ஞாபகம் இல்ல. இதை ஏன் சொல்றேன்னா, பொம்மை விஷயத்துலயும் கதை கிட்டத்தட்ட இதேதான், அமெரிக்கா டிவில வந்தவங்களுக்கு ஒரு மாதிரி பொம்மை, வராதவங்களுக்கு வேற மாதிரி பொம்மை. தம்பி "எந்த கம்பெனி நல்லது"னு கேட்டான், நான் "உனக்கு யாரு வேணும்"னு திருப்பிக் கேட்டேன். ஆள் யாருன்னு முடிவாயிட்டா பாதி பிரச்சனை தீர்ந்துடும், ஏன்னா அவருக்கு எந்த வகையில பொம்மை இருக்கோ அதைத்தான் வாங்க முடியும்.

முதல்ல ஜாயின்ட் வச்ச நவீன ஃபிகர். முழங்கை, முழங்கால், மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் மடங்கும், கூட மாத்திப் போட தலை, கை எல்லாம் வரும். சூப்பர்7 கம்பெனி நியூ ஜப்பான்ங்கிற ரெஸ்லிங் கம்பெனி ஆளுங்களை அல்டிமேட்ஸ்ங்கிற 7 இன்ச் வரிசையில விட்டாங்க, தனஹாஷி மாதிரி இந்தக் காலத்து ஸ்டாருங்க அதுல கிடைப்பாங்க, அதே கம்பெனி ரியாக்‌ஷன்னு சின்ன 3.75 இன்ச் சைஸ்லயும் விட்டிருக்கு. மட்டெல் பக்கம் போனா கிரேட் முட்டா. இதுல ஒரு கணக்கு இருக்கு பாருங்க. முட்டா 1989-லயே அமெரிக்காவுல டபிள்யூசிடபிள்யூ டிவில மூஞ்சில பெயிண்ட் அடிச்சுட்டு வாயிலேர்ந்து பச்சைச் சாயத்தை ஊதினவர், 2023-ல டபிள்யூடபிள்யூஇ ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்துட்டாங்க. கொம்பு வச்ச முகமூடிக்காரர் லைகர் 1995 செப்டம்பர் 4-ம் தேதி அதே டபிள்யூசிடபிள்யூவோட முதல் நைட்ரோ ஷோல முதல் மேட்ச்லயே பிரையன் பில்மேனோட மோதினவர், அவரும் 2020-ல ஹால் ஆஃப் ஃபேம். அமெரிக்கப் பையன் டிவில பாத்திருக்கான், அதனால அமெரிக்கக் கம்பெனி லைசென்ஸ் வாங்கி பொம்மை போடுது. நியூ ஜப்பானுக்குப் போட்டியான ஆல் ஜப்பான் கம்பெனி ஸ்டாருங்க மிசாவா? கவாடா? அவங்க நிப்பான் புடோகான்ல 1994 ஜூன் 3-ம் தேதி ஆடின மேட்ச் மாதிரி இன்னொண்ணு வரவே இல்லன்னு சொல்ற ஆளுங்கள்ல நானும் ஒருத்தன், ஆனா அது அமெரிக்க பிரைம் டைம்ல வரல. அவ்ளோதான், பொம்மைக் கடை அலமாரியில இடம் போச்சு.

இந்த வகைக்கு ஆதரவா சொல்லணும்னா வெளிநாட்டு லெஜண்ட்ஸ் பக்கம் நல்லா இருக்கு. பவர்டவுன்னு ஒரு கம்பெனி, முதல் செட்லயே ஸ்டான் ஹேன்சன், புரூசர் புரோடி, லூ தெஸ் மூணு பேரையும் விட்டுச்சு. பேருக்கு அமெரிக்கர்கள், ஆனா ஜப்பான் இல்லாம இவங்க கதையே கிடையாது. ஹேன்சன் 1981 டிசம்பர்ல நியூ ஜப்பானை விட்டு ஆல் ஜப்பானுக்குத் தாவினதை இங்க வயசானவங்க இன்னிக்கும் நேத்து நடந்த கட்சித் தாவல் மாதிரி பேசுவாங்க. தெஸ் 1957 அக்டோபர்ல கொராகுவென் ஸ்டேடியத்துல ஜப்பான் ரெஸ்லிங்கை ஆரம்பிச்சு வச்ச ரிகிடோசானோட 60 நிமிஷம் ஆடி டிரா பண்ணவர். ஒரு பக்கம் புது தெஸ், பக்கத்துல பழைய ரிகிடோசான், கறுப்பு லாங் டைட்ஸ், கராத்தே சாப் போட கை ஓங்கின மாதிரி, இப்படி ஜோடி நிறுத்தணும்னா ரெண்டு வகையும் கலந்துதான் ஆகணும்.

குறைன்னா விலை. அல்டிமேட்ஸ் லிஸ்ட் விலையே 55 டாலர் பக்கம், இங்க வந்து சேரும்போது 8,000லேர்ந்து 10,000 யென்னு நான் குடுத்திருக்கேன். அப்போ தம்பியோட 20,000-க்கு ரெண்டு பேர், அத்தோட கதை முடிஞ்சுது. இன்னொண்ணு, குளிர்காலத்துல பெட்டியைப் பிரிச்ச உடனே மணிக்கட்டைத் திருப்பினா கையைக் கோக்குற பெக் பட்டுனு உடைஞ்சிடும், நான் ஒரு கையை அப்படித்தான் பறிகொடுத்தேன், ரெண்டு நிமிஷம் ஹேர் டிரையர் காட்டிட்டு மெதுவா திருப்பணும். கணுக்கால் லூசாயிட்டா ராத்திரி மூணு மணிக்கு ஷெல்ஃப்லேர்ந்து ஆள் விழுற சத்தம் கேட்டு பொண்டாட்டி எழுந்து உக்காருவா, அது தனி மேட்ச்.

அடுத்தது ஸோஃபுபி. இதைப் பத்தித்தான் நான் நிறைய பேசுவேன், முன்னாடியே சொல்லிடறேன், எனக்கு பட்சபாதம் உண்டு. சாஃப்ட் வினைலைத்தான் ஜப்பான்காரங்க சுருக்கி ஸோஃபுபின்னு சொல்றாங்க. உலோக அச்சுக்குள்ள வினைலை ஊத்தி சூடு காட்டினா அச்சோட சுவர்ல ஒட்டி இறுகிடும், நடுவுல உள்ளதைக் கொட்டிட்டு, இளஞ்சூட்டுல இருக்கும்போதே அச்சுலேர்ந்து இழுத்து எடுப்பாங்க, உள்ள காலி. கழுத்து, தோள், சிலதுல இடுப்பு, அவ்ளோதான் திரும்பும். 90கள் கடைசியிலயும் 2000கள்லயும் கேராப்ரோ, ஹாவோன்னு கம்பெனிங்க ஜப்பான் ரெஸ்லர்களை இந்த வகையில வரிசையா விட்டுச்சு. இனோகி, பாபா, ஜம்போ ட்சுருதா, சோஷு, ஹாஷிமோட்டோ, மிசாவா, கோபாஷி, யாரைக் கேட்டாலும் ஏதோ ஒரு கடை மூலையில இருப்பாங்க.

என்கிட்ட ஒரு இனோகி இருக்கு, நியூ ஜப்பானை ஆரம்பிச்சவர். கறுப்பு டிரங்க்ஸ், கழுத்துல சிவப்புத் துண்டு. அந்தத் துண்டும் வினைல்தான், துணி இல்ல, உடம்போட சேந்தே வந்தது. முகத்தைப் பாத்தா கண்ணு ரெண்டும் லேசா மாறிப் போச்சு, பெயிண்ட் அடிச்சவங்க கை நடுங்கியிருக்கும் போல, ஆனா தாடையைப் பாருங்க, அந்த நீளத் தாடையை கொஞ்சம் தூக்கலா, கொஞ்சம் கேலியா, ஆனா மரியாதை குறையாம செதுக்கியிருக்கான் ஒருத்தன். மேல வெளிச்சம் விழுந்தா தாடை நிழல் துண்டு மேல விழும். நவீன ஃபிகர்ல முகத்தை ஸ்கேன் பண்ணி, பிரிண்ட் பண்ணி எல்லாம் சரியா இருக்கும், ஆனா சரியா இருக்கிறது வேற, அந்த ஆள் மாதிரி இருக்கிறது வேற. 1976 ஜூன் 26-ம் தேதி முகமது அலி முன்னாடி மல்லாக்கப் படுத்து 15 ரவுண்டும் காலால உதைச்சுட்டே இருந்த மனுஷன், அந்தப் பிடிவாதம் இந்தத் தாடையில இருக்கு. என் வீட்டு ஷெல்ஃபுக்கு முன்னாடி நின்ன எல்லாரும், ரெஸ்லிங் தெரியாதவங்க கூட, முதல்ல அதைத்தான் தொட்டாங்க.

ஆனா கண்ணை மூடிட்டு வாங்கக் கூடாது. முதல் பிரச்சனை சைஸ். ஜயன்ட் பாபா 209 சென்டிமீட்டர், யோமியுரி ஜயன்ட்ஸ்ல பேஸ்பால் பிட்சரா இருந்துட்டு வந்தவர், என் ஷெல்ஃப்ல அவரு இனோகியை விட ஒரு விரல் கட்டை கூட உயரம் இல்ல. பாக்கும்போதெல்லாம் குத்தும். வேற வேற செட்டு, அளவு யாரும் பாக்கல. உயரம் சரியா இருக்கணும்னு அடம் பிடிக்கிற ஆளா இருந்தா ஸோஃபுபி உங்களுக்கு ஆகாது, இப்பவே சொல்லிடறேன்.

ரெண்டாவது பிரச்சனை ஒட்டுறது. வினைலை மெத்துனு வைக்கிற எண்ணெய் மாதிரி பொருள் வருஷக்கணக்குல வெளிய கசியும், தொட்டா பிசுபிசுங்கும், இங்க பெதாபெதான்னு சொல்லுவாங்க. நான் முதல் வருஷம் விவரம் தெரியாம கவாடாவையும் தாவேவையும் ஒரே ஜிப் கவர்ல போட்டு அலமாரி மேல வச்சுட்டேன். ஜூன் மாசம் ட்சுயு மழை, வீடெல்லாம் ஈரம், ஒரு மாசம் கழிச்சு எடுத்தா கவாடாவோட கறுப்பு பெயிண்ட் தாவே முதுகுல பூரா அப்பியிருக்கு, ரெண்டு பேரையும் இழுத்துப் பிரிக்க வேண்டியதா போச்சு. நிஜத்துல ரெண்டு பேரும் டேக் பார்ட்னருங்க, அதுக்காக இப்படியா. இப்போ ஒவ்வொருத்தருக்கும் நடுவுல வெள்ளைக் காகிதம், டப்பாவுல சிலிக்கா ஜெல், ஜன்னல் வெயில் படாத இடம். பிசுபிசுப்பு வந்ததை வெதுவெதுப்பான தண்ணியில துளி பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு மெதுவா கழுவினா ஓரளவு போகும், தேய்ச்சா பெயிண்டும் சேந்து போகும்.

மூணாவது, யாரு எந்த வருஷத்து ஆளுங்கிறது. ஒரே அச்சை வச்சு டிரங்க்ஸ் கலரை மட்டும் மாத்தி விட்ட பொம்மைங்க நிறைய. ஆல் ஜப்பானோட நாலு தூணுங்கன்னு சொல்ற செட்டுல இது ரொம்ப முக்கியம், மிசாவா பச்சை, கவாடா கறுப்பு மஞ்சள், கோபாஷி ஆரஞ்சு, தாவே சிவப்பு, இந்த நாலு கலர் வரிசையா நின்னாத்தான் தூரத்துலேர்ந்து பாத்தாலே 90கள் தெரியும். கடையில கலர் மாறின கோபாஷி மலிவா கிடைச்சுதுன்னு வாங்கினா செட்டுல நிக்காது.

இதுல நான் ஏமாந்த கதை ஒண்ணு. ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில, பேர் வேண்டாம், லேபிள் இல்லாத டைகர் மாஸ்க் ஒண்ணு 1,800 யென்னுக்கு இருந்துச்சு. முதல் டைகர் மாஸ்க்னு நினைச்சு அள்ளிட்டு வந்துட்டேன், அதாவது சதோரு சயாமா, 1981 ஏப்ரல் 23-ம் தேதி இங்கிலாந்து ரெஸ்லர் டைனமைட் கிட்டோட ஆடி ஒரே ராத்திரியில ஊரையே திருப்பிப் போட்டவர், கார்ட்டூன் ஹீரோவுக்கு நிஜத்துல உயிர் குடுத்தவர். ரெண்டு மாசம் கழிச்சு வேற கடையில அதே பொம்மை டேக்கோட இருக்கு, ரெண்டாவது டைகர் மாஸ்க்னு போட்டிருக்கு. முதல்ல வயிறு எரிஞ்சுது. அப்புறம்தான் உறைச்சுது, ரெண்டாவது டைகர் மாஸ்க்னா அது முகமூடிக்குள்ள இருக்கிற மிசாவா. 1984-லேர்ந்து அந்த மாஸ்க்கைப் போட்டுட்டு, 1990 மே மாசம் மேட்ச் நடுவுலயே அதைக் கழட்டி எறிஞ்சுட்டு, அடுத்த மாசமே ட்சுருதாவை ஜெயிச்சாரு. இப்போ என் ஷெல்ஃப்ல அந்தப் புலியும் பச்சை டைட்ஸ் மிசாவாவும் பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க, 2009-ல ஹிரோஷிமாவுல மேட்ச் நடுவுல ரிங்ல சரிஞ்சு அவரு காலமான அன்னிக்கு நான் காலேஜ்ல இருந்தேன், அந்தப் பேரைக் கூட கேள்விப்பட்டதில்ல. அந்த 1,800 யென் தண்டமாப் போச்சுன்னு இப்போ சொல்ல மாட்டேன்.

மூணாவது வழி கின்கேஷி. கின்னிக்குமான் காமிக்ஸோட ரப்பர் குட்டி பொம்மைங்க, 80கள்ல காசு போட்டு திருகினா விழுற மெஷின்ல வந்தது, மொத்தம் 418 வகைன்னு சொல்லுவாங்க. அதுல டெர்ரிமேன்னு வர்ற ஆளு அமெரிக்க ரெஸ்லர் டெர்ரி ஃபங்க்கை மனசுல வச்சுப் பண்ணினது. விலை கம்மி, இடம் அடைக்காது, பசங்க வாயில போட்டுக்காம பாத்துக்கணும். ஆனா தம்பி கேட்டது லெஜண்ட்ஸ், இது கார்ட்டூன், அதனால இதை நான் தட்டிக் கழிச்சுட்டேன். பெரிய ஸ்டாச்சு வகையும் இருக்கு, 20,000-க்கு ஒண்ணோ அரையோ வரும், வாடகை வீட்டுல ஆறு ஜோ ரூம்ல, அதாவது ஆறு பாய் அளவு ரூம்ல வச்சா நம்ம படுக்க இடம் இருக்காது, அடுத்ததுக்குப் போவோம்.

எங்க வாங்குறதுங்கிறதும் இந்த முடிவோட சேந்ததுதான். நவீன ஃபிகர்னா ஆன்லைன்தான், பெட்டி பிரிக்காதது வரும், பாத்து வாங்க ஒண்ணும் இல்ல. ஸோஃபுபியை கையில எடுத்துப் பாத்து, மோந்து கூட பாத்து வாங்கணும். நிஷி கசாய்லேர்ந்து டோசாய் லைன்ல உக்காந்தா கடைசி ஸ்டாப் நகானோ, மாறவே வேண்டாம், இறங்கி நேரா ஆர்கேடுக்குள்ள நடந்தா நகானோ பிராட்வே, பழைய காமிக்ஸ், பொம்மை விக்கிற மந்தராகே கடையை 1980-ல ஆரம்பிச்ச இடமே அதுதான். சுகாமோவுல தோதோகான்னு ரெஸ்லிங்குக்குன்னே ஒரு கடை, பாட்டிங்க சிவப்பு உள்ளாடை வாங்க வர்ற தெருவு இருக்கிற ஏரியாவுல ரத்தம் தோய்ஞ்ச வில்லன் ரெஸ்லர் அப்துல்லா போஸ்டர் பாக்கப் போறது தனி சுகம். சுய்தோபாஷியில கொராகுவென் ஹால் மேட்ச் இருந்தா சீக்கிரமே போயி பக்கத்துல இருக்கிற ரெஸ்லிங் கடையையும் ஒரு சுத்து சுத்திட்டு, ஹாலோட படிக்கட்டுல ரசிகருங்க கிறுக்கி வச்சிருக்கிற சுவரைப் படிச்சுட்டே அஞ்சாவது மாடிக்கு ஏறலாம், லிஃப்ட்ல போகாதீங்க.

கடையில இல்லன்னா யாஹூ ஏலம், மெர்காரி. அங்க தேடும்போது மதோமேன்னு போட்டுத் தேடுங்க, மொத்தமா கட்டி விக்கிறது. அப்பாவோட பழைய பொருளை வீடு மாறும்போது பசங்க எட்டு பத்து பொம்மையா ஒரே விலைக்குத் தள்ளி விடுவாங்க, உங்களுக்கு வேண்டியது அதுல ரெண்டுதான் இருக்கும், மீதியைத் திருப்பி வித்துடலாம். எனக்கு ஹாஷிமோட்டோ அப்படித்தான் கிடைச்சாரு, கூட வந்த ஆறு பேர்ல ஒருத்தரை இன்னிக்கு வரைக்கும் யாருன்னே கண்டுபிடிக்க முடியல, மீசை இருக்கு, நீல பூட்ஸ். ஜங்க்குன்னு போட்டிருந்தா சின்னக் கீறல்லேர்ந்து ஒத்தக் கை வரைக்கும் எதுவும் இருக்கலாம், போட்டோவை பெருசாக்கிப் பாருங்க, முக்கியமா முதுகுப் பக்கம் போட்டோ இல்லன்னா கேளுங்க.

ஊர்லேர்ந்து கேக்குற பிரெண்ட்ஸுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவுல பொம்மை மேல இறக்குமதி வரியை 2020-ல 20 சதவீதத்துலேர்ந்து 60 ஆக்கினாங்க, 2023-ல 70. அதனால பார்சல்ல வாங்கும்போது பொம்மை விலையை மட்டும் பாத்து சந்தோஷப்படாதீங்க, ஷிப்பிங், வரி எல்லாம் சேத்துக் கணக்குப் போடுங்க. எடைன்னு பாத்தா ஸோஃபுபிக்கு ஒரு நல்லது, உள்ள காலி, பாபாவே இறகு மாதிரி இருப்பாரு.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். முட்டா, லைகர், ஹேன்சன்னு அமெரிக்கா பக்கமும் தெரிஞ்ச ஆளுங்கதான் உனக்கு உயிர்னா, ரெண்டு நல்ல ஜாயின்ட் ஃபிகர் வாங்கு, லைகரோட கொம்பை மட்டும் பத்திரமாப் பாத்துக்கோ, விழுந்தா முதல்ல உடையிறது அதுதான். ஆனா ஆல் ஜப்பான் மேட்ச்சா ராத்திரி முழிச்சுப் பாத்துட்டு காலையில கண்ணு சிவக்க ஆபீஸ் வர்றவன் நீ, அதனால நாலு தூணையும் ஸோஃபுபியில புடி, 20,000-ல நாலு பேரும் வந்து மேல ட்சுருதாவுக்கும் மிச்சம் இருக்கும். அவன் விடல, "ஜாயின்ட் இல்லாம எப்படிண்ணே, எல்போ அடிக்கிற போஸ்ல நிறுத்த முடியாதே"ன்னான். உண்மைதான், மிசாவா எல்போ அடிக்காம சும்மா நிக்கிறதைப் பாக்க ஒரு மாதிரிதான் இருக்கும், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

டைகர் ஜீத் சிங் கிடைக்குமான்னும் கேட்டான். பஞ்சாப்ல பிறந்து கனடா போயி, தலைப்பாகையும் வாயில கத்தியுமா ஜப்பானையே மிரட்டினவர், 1973-ல ஷின்ஜுகு இசேதான் கடை வாசல்ல நட்டநடு ரோட்டுல இனோகியை அடிச்சாரு. நானே நல்ல பீஸ் ஒண்ணு மூணு வருஷமாத் தேடுறேன், கிடைச்சா முதல்ல எனக்குத்தான்னு சொல்லிட்டேன்.

போன சனிக்கிழமை ரெண்டு பேரும் நகானோ போனோம். மூணு மணி நேரம் சுத்தினதுல கோபாஷியும் மிசாவாவும் ஒரே ஷோகேஸ்ல கிடைச்சாங்க, அப்புறம் மூணாவது மாடியில கவாடாவும் தாவேவும். மொத்தம் 11,400 யென், வரி உள்பட. ட்ரெயின்ல உக்காந்து பையைப் பிரிச்சா கடைக்காரர் கவாடாவையும் தாவேவையும் ஒரே கவர்ல, முதுகோட முதுகு ஒட்டி போட்டுக் குடுத்திருக்காரு. ஒச்சியாய் வர்றதுக்குள்ள ரெண்டு பேரையும் பிரிச்சு, ஆளுக்கு ஒருத்தரா கோட் பாக்கெட்ல போட்டுக்கிட்டோம், எதிர்ல உக்காந்திருந்த பெரியவர் என் பாக்கெட்லேர்ந்து எட்டிப் பாத்த தலையைப் பாத்துட்டு, "கவாடா?"ன்னாரு.